போனேர் தீவில் குடும்பத்தோடு ஸ்கூபா: கேள்வி பதில்

கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் போனேர், 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருந்துவரும் சிறிய தீவு. அங்கே குடும்பத்தோடு ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் மூழ்கி நீந்துவது, செய்யப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ஸ்கூபா கற்பிப்பவன். மருத்துவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். எங்களுக்கு 8, 11, 14 வயதில் மூன்று பிள்ளைகள். பக்கத்திலேயே மெக்சிகோவின் கோசுமெல் தீவு இருக்க, எல்லோரும் போனேரைச் சொல்வது ஏன்?

கோசுமெல் அருமையான இடம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் படகிலிருந்து இறங்கி, நீரோட்டம் இழுக்கும் திசையிலேயே போய், வேறோர் இடத்தில் மேலே வர வேண்டும். பழகியவர்களுக்கு அது இன்பம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதல் அனுபவமாக அதை நான் தரமாட்டேன். போனேரில் காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே வீசுவதால், தீவின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக, பல நாள்களில் ஏரியைப் போல அமைதியாக இருக்கும். அந்தக் கரையை ஒட்டியே பவளத்திட்டு நீள்கிறது. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் டைவ் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே கடலுக்குள் இறங்கலாம். இப்படிக் கரையிலிருந்து இறங்கும் தளங்கள் ஐம்பதுக்கும் மேல் உண்டு. பிள்ளைக்குப் பசித்தால், பயந்தால், குளிர்ந்தால் உடனே திரும்பிக் கரையேறலாம் என்பதுதான் குடும்பத்துக்கு இதன் பெருமை. படகில் போனால் மற்றவர்களின் நேரத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்கள்.

கேள்வி: அந்த மூன்று வயதிலும் பிள்ளைகள் எவ்வளவு ஆழம் போகலாம்?

ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் விதிப்படி எட்டு வயதுப் பிள்ளை, பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்க, 2 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்துப் பார்க்கலாம். பத்து வயது நிறைந்தால் ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்னும், இளையோருக்கான தொடக்கநிலைச் சான்றிதழ் பெறலாம். 10, 11 வயதினர் பெற்றோருடனோ, பாதுகாவலருடனோ, தொழில்முறை வழிகாட்டியுடனோ 12 மீட்டர் வரை இறங்கலாம். 12 முதல் 14 வரை உள்ளவர்கள் சான்றிதழ் பெற்ற பெரியவர் துணையுடன் 18 மீட்டர் வரை போகலாம். பதினைந்தில் அந்த ஜூனியர் அடைமொழி நீங்கிவிடும்.

விதி இப்படியிருக்க, என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம்தான் சான்றிதழ் வாங்கிய தந்தை, பதினோரு வயது மகளுக்கு ஒரே துணையாக இறங்குவதைக் காகிதத்தில் யாரும் தடுக்க முடியாது. ஆனால் நீருக்குள் தான் மிதக்கும் நிலையையே இன்னும் கட்டுப்படுத்தத் தெரியாதவர் இன்னொருவரின் அபாயத்தைக் கவனிக்க இயலாது. முதல் சில நாள்களுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் நீருக்குள் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருவர் இறங்கும்போது மற்றவர் சிறியவனோடு கரையில் இருக்கட்டும்.

12 மீட்டர்தானே என்று பிள்ளைகள் முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். போனேரில் கரையிலிருந்து மணல் தளமாகச் சரியும் அடித்தரை, பல இடங்களில் சுமார் 10 மீட்டரில்தான் செங்குத்தாக இறங்கத் தொடங்குகிறது. வெயிலும் நிறமும் மீன் கூட்டமும் நிறைந்திருப்பது அந்த விளிம்பிலும் அதற்கு மேலும்தான். முப்பது மீட்டரில் சிவப்பெல்லாம் மங்கி நீலச் சாம்பலாகத் தெரியும். காற்றும் விரைவில் தீரும். இளையவரின் ஆழத்தையே குடும்பத்தின் ஆழமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

கேள்வி: நீச்சல் குளத்தில் ஆழம் போனாலே என் மகனுக்குக் காது வலிக்கிறது. கடலில் என்ன செய்வான்?

கடல்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காகிறது. ஆகவே காதுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். அடுத்த 10 மீட்டரில் மாற்றம் அவ்வளவு இருக்காது. காதுத் தொல்லை பெரும்பாலும் முதல் சில மீட்டரில் வருவது இதனால்தான். வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதிப் பயனில்லை; தலை நீருக்குள் போன உடனேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். பலமாக ஊதுவது செவிக்கு ஆபத்து. தலைகீழாகப் பாயாமல் கால் கீழாக இறங்கினால் காது எளிதாகத் திறக்கும்.

இங்கேதான் கரைச் சரிவு கைகொடுக்கிறது. படகிலிருந்து இறங்கும் பிள்ளை நேராகக் கீழே போக வேண்டும். போனேரில் மணலை ஒட்டி, சிறிது சிறிதாக, தன் காது சொல்லும் வேகத்தில் போகலாம். சளி பிடித்திருந்தால் அன்று டைவ் கிடையாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கடலுக்குள் இருக்கும்போதே மருந்தின் வேகம் தணிந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வெளியேற வழியில்லாமல் போகும்.

கேள்வி: எனக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. டைவ் செய்யுமுன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் அதை எழுதாமல் விட்டால் என்ன?

விடாதீர்கள். மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிகிறது. அதன் ஒரு பகுதி குறுகிய மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம். ஆஸ்துமா இருந்த பலர் மருத்துவரின் ஒப்புதலோடு டைவ் செய்கிறார்கள். ஊரில் இருக்கும்போதே சோதனை செய்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் போய் அலைந்தால் விடுமுறையில் இரண்டு நாள் வீணாகும்.

கேள்வி: அண்ணா, என் மனைவிக்கு நீச்சலே தெரியாது. அவரும் வரலாமா?

தாராளமாக வரலாம், ஆனால் சான்றிதழ்ப் பயிற்சிக்கு இப்போது அனுப்ப வேண்டாம். அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். அவருக்கு ஏற்ற இடம் கிழக்குக் கரையில் உள்ள லாக் விரிகுடா. வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், சொரொபோன் கடற்கரையில் இடுப்பளவு நீரிலேயே வெகுதூரம் நடக்கலாம். அங்கே மாஸ்க்கை அணிந்து முகத்தை நீரில் வைக்கப் பழகட்டும். பக்கத்தில் அலையாத்திக் காடு உண்டு. துடுப்புப் படகில் சுற்றிக் காட்டுவார்கள். இவ்வளவும் பிடித்துப்போனால், ஊர் திரும்பி நீச்சல் வகுப்பில் சேர அவரே கேட்பார்.

கேள்வி: விடுமுறை ஒரு வாரம்தான். பயிற்சிக்கே நான்கு நாள் போய்விடாதா?

பாடத்தையும் குளப் பயிற்சியையும் உங்கள் ஊரிலேயே முடித்துப் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள். கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்கள் மட்டும் மீதியிருக்கும். இரண்டு நாளில் முடியும்.

கேள்வி: நான் அந்தமானில் சான்றிதழ் வாங்கியவன். எந்தக் கருவிகளைச் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும்?

எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் மாஸ்க்கை மட்டும் வாங்கிச் செல்லுங்கள். பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது பொருத்தம். நம் ஆண்களின் மீசை இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கிறது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொண்டால் நீர் கசிவது குறையும். மனமில்லாதவர்கள் மாஸ்க்கிலிருந்து நீரை ஊதி வெளியேற்றுவதில் வல்லவர்களாகிவிடுவார்கள்.

கடினமான அடிப்பகுதியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். கரையோரத்தில் கூரான பவளக் கற்களும் கடல்முள்ளெலிகளும் உண்டு. கையுறை கொண்டுபோகாதீர்கள். தீவைச் சுற்றியுள்ள கடல் பூங்காவில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. கையுறை இருந்தால் கை எதையாவது பிடிக்கும் என்பதே காரணம். நீர் 26 முதல் 29 பாகை வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனாலும் சிறிய உடல் விரைவில் சூட்டை இழக்கும். பிள்ளைகளுக்கு 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவ் உடை போடுங்கள். சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருந்தாலும், உதடு நீலம் பாயத் தொடங்கினால் டைவ் முடிந்தது.

கேள்வி: புயல் காலத்தில் போகலாமா?

போனேர் சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே மற்றத் தீவுகளுக்குத் தயங்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் மக்கள் இங்கே வருகிறார்கள். முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 1999-இல் லென்னி சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தபோது, அதன் அலைகள் அமைதியான மேற்குக் கரையை அடித்து, ஆழம் குறைந்த இடங்களின் பவளத்தை நொறுக்கின. காற்று திசை மாறும் நாள்களில் மேற்குக் கரையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: முதலில் எந்தத் தளங்களுக்குப் போவது?

பூங்காக் கட்டணம் செலுத்தி, விதிகளைக் கேட்டு, அறிமுக டைவ் ஒன்று செய்த பிறகே மற்ற இடங்களுக்கு விடுவார்கள். அடுத்து, விமான நிலையத்தை ஒட்டிய தே அமோ கடற்கரை. மணலில் நடந்து இறங்கலாம். பாரி திட்டு மீன் வகைகளுக்குப் பெயர் பெற்றது. கப்பல் நிற்காத நாளாக இருந்தால், கப்பல்களில் உப்பு ஏற்றும் உப்புத் துறைக்குக் கட்டாயம் போங்கள்: தூண்களுக்கு இடையே வெயில் சாய்வாக இறங்க, கடற்பஞ்சுகள் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தூண்களை மூடியிருக்கும், இவ்வளவும் 12 மீட்டருக்குள்ளேயே அடங்குகிறது. ‘ஆயிரம் படி’ என்ற தளத்தில் உண்மையில் எழுபது படிகள் அளவுதான் உண்டு. ஆனால் சிலிண்டரைச் சுமந்து ஏறுகிறவர் பெயரைப் பற்றிச் சண்டை போடமாட்டார். 1984 செப்டம்பரில் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல், அதில் கஞ்சா பிடிபட்ட கதையால் எல்லோரையும் இழுக்கிறது. அது சுமார் 30 மீட்டர் ஆழத்து மணலில் கிடப்பதால் பிள்ளைகளுக்கு இல்லை.

கேள்வி: இரவு டைவ் பற்றிச் சொல்லுங்கள் சார். பதினான்கு வயது மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பகலில் இறங்கிப் பழகிய அதே தளத்தில், வழிகாட்டியோடு, பொழுது சாயும் நேரத்தில் இறங்கினால் அச்சம் இருக்காது. டார்ப்பன் என்னும் பெரிய வெள்ளி மீன் உங்கள் விளக்கொளியையே பயன்படுத்தி வேட்டையாடும்; தோளை உரசிக்கொண்டு திடீரென்று பாயும் என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். பௌர்ணமி கழிந்து இரண்டு முதல் ஐந்து நாள்களுக்குள் போக வாய்த்தால், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, ஆழம் குறைந்த இடத்தில் எல்லா விளக்கையும் அணையுங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற, எள்ளளவே உள்ள ஓட்டுயிரியின் ஆண்கள் துணையை அழைக்க, நீலப் புள்ளிகளை வரிசையாக விட்டுச் செல்லும். ஒரு சரம் அணையுமுன் பக்கத்தில் அடுத்த சரம் தொடங்கும். ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழலை மாட்டிக்கொண்டு நீர்மட்டத்திலிருந்தே இதைப் பார்க்கலாம் என்பதால் தம்பிக்கும் வாய்ப்புண்டு.

கேள்வி: பவளமெல்லாம் செத்துவிட்டது என்கிறார்களே?

மிகைதான், ஆனால் பொய்யில்லை. 1979 முதல் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை சுற்றிலும் கடல் பூங்காவாகக் காக்கப்பட்டும், 2023-இல் கல்பவளத் திசு இழப்பு நோய் இங்கேயும் வந்துசேர்ந்தது. அதே ஆண்டின் கடல் வெப்பம் பவளத்தை வெளுக்க வைத்தது. மூளை வடிவப் பவளங்களில் வெள்ளைத் திட்டுகளைக் காண்பீர்கள். கருவிகளைக் கிருமிநீக்கக் கரைசலில் முக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் செய்யுங்கள். சில தளங்கள் மூடியிருந்தால் அதை மதியுங்கள். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த வெயில் பூச்சும் அங்கே தடை. நீளக் கைச் சட்டை போதும்.

கேள்வி: சைவச் சாப்பாடு? வண்டியில் திருட்டு என்றும் படித்தோம்.

சமையலறையோடு வீடு எடுங்கள். அரிசியும் காய்கறியும் கடைகளில் உண்டு, மசாலாப் பொடிகளை வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. டைவ் தளத்தில் நிறுத்தும் வண்டியில் ஒன்றுமே வைக்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் அங்குள்ள வழக்கம், பூட்டினால் உடைப்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், செங்கன் விசாவும் போனேரும் வேறு வேறு ஏற்பாடுகள் என்பதால், நெதர்லாந்து அரசின் கரீபியன் விசா விதிகளைப் பயணச்சீட்டு வாங்குமுன் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு காலை விமானம். சனிக்கிழமை கடைசியாக ஒரு டைவ் செய்யலாமா?

பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருப்பதால் நான் 24 என்றே வைப்பேன். ஆகவே வெள்ளிக்கிழமையோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். தீவின் உச்சியான பிராண்டாரிஸ் 241 மீட்டர்தான் என்பதால் டைவ் செய்த உடலுக்கு அந்த உயரம் தொல்லையில்லை. ஏறிக் களைக்க மனமில்லாவிட்டால், தெற்கே உப்பளங்களில் பூநாரைகளும், 1850-இல் அடிமைகளுக்குக் கட்டிய, நிமிர்ந்து நிற்க முடியாத கல் குடிசைகளும் உள்ளன. பதினான்கு வயதுப் பெண்ணிடம் அந்தக் குடிசைக்குள் ஒருமுறை குனிந்து நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.