மறைவிலிருந்து மறைவுக்கு: பிளட்டூன் வார்கேம் கேள்வி பதில்

கோவை: பிளட்டூன் மட்டம் என்று எதைச் சொல்கிறோம் அண்ணா? ஸ்குவாட் லீடர் அதில் சேருமா?

சேராது. ஸ்குவாட் லீடர் (1977) என்ற பலகைப் போர் விளையாட்டில் ஒரு கவுன்டர் (படையைக் குறிக்கும் அட்டைச் சில்லு) என்றால் பத்துப் பேர் கொண்ட ஸ்குவாட். டாங்கி என்றால் ஒற்றை டாங்கி. நாம் பேசுவது அதற்கு ஒரு படி மேலே. ஒரு கவுன்டருக்குள் நாலைந்து டாங்கிகளோ முப்பது நாற்பது காலாட்களோ இருப்பார்கள்; அதுதான் ஒரு பிளட்டூன். ஜேம்ஸ் டன்னிகன் வடிவமைத்து அவலான் ஹில் 1970இல் வெளியிட்ட பான்சர்பிளிட்ஸ்தான் இந்த வகையின் மூத்த பிள்ளை. மேப்பில் ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 250 மீட்டர், ஒரு டர்ன் 6 நிமிடம், களம் இரண்டாம் உலகப் போரின் ரஷ்யப் போர்முனை. அதில் ஜெர்மன் காலாட்கள் பிளட்டூன் பிளட்டூனாக வருவார்கள், சோவியத் காலாட்கள் கம்பெனி கம்பெனியாக (பல பிளட்டூன்கள் சேர்ந்தது) வருவார்கள். சிறு பிரிவுகளாகப் பிரிந்து இயங்கும் வசதி இரு தரப்புக்கும் சமமில்லை என்பதைத் தனி விதி எழுதாமல் கவுன்டரிலேயே காட்டிவிட்டார்கள்.

இந்த மட்டத்தில் நீங்கள் பல கம்பெனிகள் அடங்கிய பட்டாலியனின் தளபதி. டாங்கியின் முகப்பு எந்தப் பக்கம், சுடுபவன் மண்டியிட்டானா படுத்தானா என்பதெல்லாம் உங்கள் கவலை இல்லை. எந்தப் பிளட்டூன் எங்கிருந்து எதைப் பார்க்கிறது என்பதுதான் உங்கள் வேலை முழுவதும்.

மதுரை: முதலில் எதை வாங்கலாம்?

உடனே எதையும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். வாஸல் என்ற இலவச மென்பொருளில் ஆடிப் பாருங்கள். பிடித்த பிறகு, பான்சர்பிளிட்ஸின் தொடர்ச்சியான பான்சர் லீடர் (1974) பழைய பிரதி கிடைத்தால் வாங்குங்கள். புதிய வடிவமைப்பு வேண்டுமென்றால் பான்சர் கிரனேடியர் வரிசையில் ஒரு சின்னப் பெட்டி போதும்.

சேலம்: ஜெர்மன் பான்தர் டாங்கிக் கவுன்டரின் சுடுபலம், வீச்சு, தற்காப்பு மூன்றுமே அமெரிக்க ஷெர்மன் டாங்கியைவிடப் பெரிய எண்கள். ஆனாலும் பான்தர் வைத்துக்கொண்டு தொடர்ந்து தோற்கிறேன். எங்கே தவறுகிறேன்?

நல்ல கேள்வி. இங்கே வருகிற முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அடியில் இதுதான் இருக்கிறது.

கவுன்டரில் அச்சான எண்கள் எல்லாம் ஒரு நிபந்தனையோடு வருகின்றன: இலக்கு கண்ணில் பட வேண்டும். பான்தரின் நீண்ட வீச்சு, எதிரே இரண்டு கிலோமீட்டர் திறந்த வெளி இருந்தால் செல்வம். தோப்பும் கிராமமும் மேடும் நிறைந்த மேப்பில் வெறும் மை. அதோடு, கவசத் துளைப்பு வகைப் பீரங்கி தன் வீச்சில் பாதித் தூரத்துக்குள் இருக்கும் கவச இலக்கை அடித்தால் சுடுபலம் இரட்டிப்பாகிறது. கிட்டே வந்துவிட்டால் ஷெர்மனுக்கும் அந்த இரட்டிப்பு கிடைத்துவிடும். அதனால் சண்டை நெருங்க நெருங்க, பான்தரின் அனுகூலம் கரைந்துகொண்டே வரும்.

1944 செப்டம்பரில் பிரான்சின் லொரேன் பகுதியில், அராகூர் ஊரைச் சுற்றி நடந்தது இதுதான். புத்தம் புதிய பான்தர்களோடு வந்த ஜெர்மன் 111, 113ஆம் பான்சர் பிரிகேடுகள் அவசரமாகத் திரட்டப்பட்டவை. உளவு பார்க்க ஆள் போதாது. அமெரிக்க 4ஆம் கவச டிவிஷனின் ஷெர்மன்களும் டாங்கி அழிப்பு வண்டிகளும் அந்த நிலத்தை அறிந்திருந்தன. 19ஆம் தேதி காலையில் அடர்ந்த மூடுபனி. தொலைவிலிருந்தே அடித்து நொறுக்கக்கூடிய பான்தருக்குத் தொலைவு என்பதே இல்லாமல் போனது. ஷெர்மன்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, அருகிலிருந்து அடித்தன.

ஆகவே அடுத்த ஆட்டத்தில், முதல் நகர்வுக்கு முன் மேப்பைப் பாருங்கள். உங்கள் பான்தர் வீச்சு முழுவதையும் பயன்படுத்தக்கூடிய இரண்டு மூன்று ஹெக்ஸ்கள்தான் இருக்கும். அங்கே போய் நில்லுங்கள். எதிரியைத் தேடிக்கொண்டு தோப்புக்குள் நுழையாதீர்கள். அது காலாட்களின் வேலை.

நாகர்கோவில்: தனியாக ஆட முடியுமா?

முடியும். வேர்ல்டு அட் வார் வரிசையில் முதலாவதான ஐசன்பாக் கேப் (2007) நல்ல தேர்வு. 1985இல் மேற்கு ஜெர்மனியில் மூள்வதாகக் கற்பனை செய்த போர் அது. எந்தப் படைப்பிரிவு அடுத்து இயங்கும் என்பதைக் கோப்பையிலிருந்து எடுக்கும் சீட்டு தீர்மானிக்கும். எதிராளி இல்லாவிட்டாலும் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாது.

திருச்சி: பான்சர்பிளிட்ஸில் எதிரி நகரும்போது சுட முடியாது என்பதைப் பலரும் குறை சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆறு நிமிடத்தில் அவன் நகர்வதும் நான் சுடுவதும் உண்மையில் ஒரே நேரத்தில் நடப்பவை. டர்ன் பிரித்திருப்பது நம் வசதிக்காக. என் டர்னில் சுடத்தானே போகிறேன்?

எதிரி திறந்த வெளியில் நின்றுவிட்டால் உங்கள் வாதம் சரி. நிற்க மாட்டானே! காட்டிலிருந்து கிளம்பி, உங்கள் பீரங்கியின் முன்னால் திறந்த வெளியைக் கடந்து, அடுத்த காட்டுக்குள் போய் நிற்பான். காட்டுக்குள் நிற்பவனை, உங்கள் பிரிவு ஒன்று அடுத்த ஹெக்ஸில் இருந்தால் ஒழியச் சுட முடியாது என்பது விதி. உங்கள் டர்ன் வரும்போது இலக்கே இல்லை. இந்த உத்திக்கு ‘பான்சர்புஷ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காடுகளுக்கு நடுவே நான்கு ஹெக்ஸ் என்றால் ஒரு கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டாங்கிக்கு அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம். குறி பார்த்துக் காத்திருக்கும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு அது மிக நீண்ட நேரம். அத்தனை நேரமும் அந்தப் பீரங்கியை வாய்மூடி உட்காரச் சொல்கிறது விதி. 1974இல் பான்சர் லீடர் வந்தபோது, நகரும் எதிரியைச் சுடும் விதியைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

திருச்சி: சேர்த்ததால் என்ன ஆனது? இரண்டு தரப்பும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்டங்களைத்தான் பார்க்கிறேன். யாரும் முதலில் வெளியே வருவதில்லை. பான்சர்பிளிட்ஸில் ஓட்டமாவது இருக்கிறது.

ஓட்டம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசையாமல் உட்காரும் ஆட்டக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள்: அவருடைய மோர்ட்டார்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? பெரும்பாலும் எதிரே கிடைத்த ஏதோ ஒரு லாரியை அடித்துக்கொண்டிருக்கும். வெளியைக் கடப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை மூட வேண்டும். குண்டு மழையில் நிலைகுலைந்த பிரிவால் சுட முடியாது. அந்த ஒரு டர்னில் கடந்துவிட வேண்டும். பீரங்கிப்படை எதற்கு இருக்கிறது என்பதே இந்த விதி வந்த பிறகுதான் பலருக்கும் புரிந்தது.

இன்னொன்று. காத்திருந்து சுட வேண்டுமென்றால் தன் டர்னில் சுடாமல் இருக்க வேண்டும். இப்போது கண்ணெதிரே இருக்கும் சுமாரான இலக்கா, அடுத்து வரக்கூடிய நல்ல இலக்கா? இந்தத் தவிப்பு பான்சர்பிளிட்ஸில் கிடையாது. எனக்கு இந்த வகை ஆட்டங்கள் பிடித்திருப்பதே இதனால்தான்.

ஈரோடு: திருச்சி நண்பருக்கு நான் ஒன்று சொல்லலாமா? பான்சர் கிரனேடியரில் இந்தச் சண்டையே வராது. இரு தரப்பும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த முடியும்.

பாதி சரி. அங்கே ஹெக்ஸ் 200 மீட்டர், டர்ன் 15 நிமிடம். ஒரு அதிகாரி தன் ஹெக்ஸிலும் ஒட்டிய ஹெக்ஸ்களிலும் இருப்பவர்களைக் கிளப்புவார், உடனே எதிரியின் முறை வந்துவிடும். மொத்தப் படையும் ஓடி ஒளியும்வரை எதிரி கைகட்டி நிற்கும் கொடுமை இல்லை. ஆனாலும் நகரும் எதிரியைச் சுடும் விதியை அவர்கள் விட்டுவிடவில்லை, கவனியுங்கள். மாறி மாறி நகர்த்துவது இடைவெளியைக் குறுக்கும், முழுவதும் அடைக்காது.

தஞ்சாவூர்: புதிதாக வருகிறவன். முதலில் எதை வாங்கலாம் சார்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வேலூர்: காலாட்களை லாரியில் ஏற்றி முன்வரிசைவரை கொண்டுபோகலாமா?

கூடாது. லாரி அழிந்தால் உள்ளே இருப்பவர்களும் அதோடு போனார்கள். எதிரியின் பார்வைக்கு வெளியே இறக்கி, மீதியை நடக்க விடுங்கள்.

புதுச்சேரி: ஜெர்மன் டைகர் டாங்கிக் கவுன்டரின் தற்காப்பு எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, காலாட்களால் எதுவும் செய்ய முடியாதா?

மறுபடியும் எண்ணையே பார்க்கிறீர்கள். தூரத்திலிருந்து துப்பாக்கியால் முடியாது. டைகர் காட்டோரம் தனியாக நின்றால், அடுத்த ஹெக்ஸிலிருந்து நெருங்கித் தாக்க முடியும். எதிராளி துணைக்குக் காலாட்கள் இல்லாமல் அதை எங்கே விடுகிறார் என்று பாருங்கள்.

திருநெல்வேலி: சின்னதாக ஆட ஏதாவது இருக்கிறதா? முதலில் எதை வாங்குவது?

மதுரை. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

சென்னை: எல்லாம் ஐரோப்பாவாகவே இருக்கிறது. நம் போர்களில் இந்த மட்டத்துக்குப் பொருந்துவது எது? நாமே ஒரு சினாரியோ (ஆடுவதற்கான போர்க்கள அமைப்பு) எழுதலாமா?

அசல் உத்தர் சண்டை. யோசிக்கவே வேண்டாம். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபின் கேம்கரண் பகுதி. பாகிஸ்தானின் 1ஆம் கவச டிவிஷன் பாட்டன் டாங்கிகளோடு வருகிறது. எதிரே நம் 4ஆம் மலை டிவிஷனும், பிரிகேடியர் தியோகராஜ் தலைமையிலான 2ஆம் தனிக் கவச பிரிகேடும். நம்மிடம் செஞ்சூரியன் டாங்கிகள் கொஞ்சம். மீதி பழைய ஷெர்மன்களும் இலகுவான ஏஎம்எக்ஸ்-13களும். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஷெர்மனும் ஏஎம்எக்ஸும் பாட்டனுக்கு இணையில்லை. நம்மவர்கள் லாட வடிவில் கரும்புக் கொல்லைகளுக்குள் டாங்கிகளை மறைத்து, வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். பாட்டன்கள் சேற்றில் திணறி, நடுவே வந்து, பக்கவாட்டைக் காட்டின.

பான்சர் லீடர் விதிகளை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கரும்புக் கொல்லை பார்வைக்குக் காடு மாதிரி மறைக்க வேண்டும், ஆனால் தற்காப்புக்கு எந்தக் கூடுதலும் தரக்கூடாது. கரும்பு குண்டைத் தடுக்காது. தண்ணீர் பாய்ந்த வயலில் நகர்வுச் செலவை இரட்டிப்பாக்குங்கள். ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பின்னதிர்வற்ற பீரங்கியால் அடித்து அடித்து இடம் மாற்றினார். அந்த வகைப் பிளட்டூனுக்கு மட்டும், சுட்ட டர்னிலேயே ஓரிரு ஹெக்ஸ் நகர அனுமதி கொடுங்கள். தற்காப்பு மிகக் குறைவாக இருக்கட்டும்.

திருச்சி: இதை நான் எழுதிப் பார்க்கிறேன். நகரும் எதிரியைச் சுடும் விதி இல்லாமல் ஒரு முறை, இருந்து ஒரு முறை ஆடுகிறேன். வெற்றி நிபந்தனை எப்படி வைப்பது?

இரண்டு விதமாகவும் ஆடுங்கள், முடிவை இங்கே எழுதுங்கள். விவாதத்தை அதை வைத்துத் தொடர்வோம். அழித்த டாங்கிகளின் எண்ணிக்கைக்குப் புள்ளி வைக்காதீர்கள். வைத்தால் பாட்டன் தரப்பு தொலைவில் நின்றுகொண்டு கரும்பைப் பார்த்தபடியே இருக்கும். சாலை வழியாக மேப்பின் மறுமுனையைத் தாண்டும் பிளட்டூன்களுக்குப் புள்ளி கொடுங்கள், டர்ன் எண்ணிக்கையையும் இறுக்கிப் பிடியுங்கள். அப்போதுதான் அவர்கள் உள்ளே வந்தே ஆக வேண்டும்.