மதினிக்கு மூன்றும் நெகட்டிவ்: கீமோவா, ஆபரேஷனா?

கேள்வி: என் மதினிக்கு 36 வயது. மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மதுரையில் பயாப்சி எடுத்ததில் ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவ், ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இது ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வருகிற வகை, லேபில் மாற்றி எழுதியிருப்பார்கள் என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டு மாமா நுரையீரல் புற்றுக்கு ஈஜிஎஃப்ஆர் மாத்திரை சாப்பிடுகிறார், அதை மதினிக்கும் கேட்கலாமா? டாக்டர் முதலில் கீமோ என்கிறார். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எப்படி இருப்பது?
வாசகி, உசிலம்பட்டி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் உங்களுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் சொல்வது சரி. ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதம் அதிகமாவதும் இல்லாத இந்த மார்பகப் புற்று வகையில் கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ முதலில் கீமோ கொடுப்பதுதான் இன்றைய வழக்கம். மருந்துக்குக் கட்டி கரைகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆபரேஷனில் எடுத்த சதையில் புற்று துளியும் மிச்சமில்லை என்று வந்தால் திரும்பி வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது, மிச்சமிருந்தால் அப்புறம் கேப்சிடபின் மாத்திரை மாதிரி அடுத்த மருந்து இருக்கிறது. முதலிலேயே வெட்டிவிட்டால் இந்தத் தகவல் எதுவும் கையில் இருக்காது.

தம்பி படித்ததில் பாதி உண்மை. கானாவில் நடந்த ஆய்வுகளில் மார்பகப் புற்று வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த மூன்று நெகட்டிவ் வகைதான், எத்தியோப்பியாவிலோ அது வெகுவாகக் குறைவு, ஆக ஆப்பிரிக்கா முழுக்கவும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் நமக்கு வராது என்பது தப்பு. இந்தியாவில் கிட்டத்தட்ட 30 சதவீதம் இதுதான், அதுவும் மதினி மாதிரி சின்ன வயதில் அதிகம்.

லேப் சந்தேகத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். எடுத்த சதையை உடனே ஃபார்மலினில் போடாமல், சின்ன ஊர் நர்சிங் ஹோமிலிருந்து வெயிலில் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தால், இருக்கிற ஈஆர் கூட இல்லை என்று காட்டும். லேபில் மெழுகுக் கட்டியாக, பிளாக் என்பார்கள், பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி வேறொரு லேபில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகக் கீமோவை இழுத்தடிக்க வேண்டாம், இரண்டும் ஒருசேர நடக்கட்டும்.

மாமாவின் மாத்திரையைக் கேட்காதீர்கள். அவருக்கு ஈஜிஎஃப்ஆர் மரபணுவிலேயே மாற்றம் இருக்கிறது, அந்த மாத்திரை அதைத்தான் பிடிக்கிறது. மதினிக்கு மரபணு மாற்றம் என்று ரிப்போர்ட் சொல்லவில்லை, ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் புற்றுச் செல்லின் மேல் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று நெகட்டிவ் கட்டிகளில் பாதிக்கு மேல் அப்படி இருப்பதால் செடூக்சிமாப் என்ற ஈஜிஎஃப்ஆர் மருந்தைப் பல நாடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்ற அந்த வரியைப் பார்த்து மருந்து மாற்ற வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. பிஆர்சிஏ என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அந்த மாற்றம் இருந்தால் ஒலாபரிப் என்ற மாத்திரைக்கு வழி திறக்கும், மதினியின் அக்கா தங்கைகளும் பார்த்துக்கொள்ள வேண்டிவரும், பிள்ளைகளுக்கும், ஆண் பெண் இருவருக்குமே, அந்த மாற்றம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள், எந்தெந்த மருந்து அதில் வரும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுன்டரில் முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.