நிறுத்தியவரே மேன்முறையீட்டையும் விசாரிக்கலாமா?

கேள்வி: ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் பெக்டரியில் வேலை செய்துவந்தேன். 2021இல் ரோலர் மெஷினில் வலது கை அகப்பட்டு நான்கு விரல்களை இழந்தேன். மாதாமாதம் கிடைத்துவந்த அங்கவீனக் கொடுப்பனவு, "இலகுவான வேலை செய்யக்கூடியவர்" என்ற காரணத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டது. மேன்முறையீடு செய்தேன். மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும் என்று சிங்களத்தில் கடிதம் வந்துள்ளது. ஒருவர், கொடுப்பனவை நிறுத்தும்படி பரிந்துரைத்துக் கையொப்பமிட்ட உத்தியோகத்தர். இன்னொருவர், என்னைப் பரிசோதித்து அந்த அறிக்கையை எழுதிய வைத்தியர். மூன்றாமவர் எங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர். தோட்டத்துக்கு எதிரான எனது நட்டஈட்டு விசாரணை இன்னும் முடியவில்லை. ஆட்சேபித்தால் பைல் இன்னும் பிந்தும் என்கிறார்கள். விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் ஆட்சேபிக்கலாம். விசாரணை நாளுக்கு முன்னரே, எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும் என்பதே எனது ஆலோசனை. ஆனால் மூவருக்கும் எதிராக ஒரே வாசகத்தில் "இவர்களிடம் நியாயம் கிடைக்காது" என்று எழுதிவிட வேண்டாம். மூவரின் நிலையும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறானது. எல்லோரையும் ஒரே குற்றச்சாட்டில் அடக்கினால், வலுவான ஆட்சேபனையும் வலுவற்றதோடு சேர்த்துத் தள்ளப்பட்டுவிடும்.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒருவர் இருக்கலாகாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. நீதிமன்றங்களுக்கு மாத்திரமன்றி, ஒருவருடைய வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கும் அரச குழுக்களுக்கும் அது பொருந்தும். அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதிசெய்வதால், இவ்விதியை மீறிய தீர்மானம் அடிப்படை உரிமை மீறலாகவும் அமையக்கூடும். உறுப்பினர் உண்மையிலேயே பக்கச்சார்பானவர் என்று தாங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. விடயங்களை அறிந்த, நியாய மனமுள்ள ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் பக்கச்சார்புக்கு மெய்யான சாத்தியம் உண்டென்று கருதுவாரா என்பதே அளவுகோல். அன்று பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001இல் வகுத்த இந்த அளவுகோல், நமது நாட்டுப் பொதுச் சட்ட வாதங்களிலும் எடுத்தாளப்படுவது.

முதலில் உத்தியோகத்தரை எடுத்துக்கொள்வோம். கொடுப்பனவை நிறுத்தும்படி பரிந்துரைத்தவர், அந்தப் பரிந்துரை சரியா பிழையா என்று பார்க்கும் குழுவில் அமர முடியாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. பல வருடங்களுக்கு முன், இதேபோன்ற விசாரணையொன்றுக்கு வயதான ஒரு தாயாருடன் நான் சென்றிருந்தேன். குழு உறுப்பினர் ஒருவர் பைலைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஒரு தாளில் நின்றுவிட்டார். அதன் அடியில் இருந்தது அவருடைய கையொப்பம். சற்று நேரம் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்து, கேள்விகளைத் தொடர்ந்தார். அந்தத் தாயார் அதைக் கவனிக்கவில்லை. நான் எழுந்து சொன்ன பிறகே அவர் விலகினார். ஒருவர் மனம் மாறத் தயாராக இருக்கலாம். ஆயினும் தன் கையொப்பத்தைத் தானே பிழையென்று எழுதும் நிலைக்கு அவரைத் தள்ளுவது அவருக்கும் நியாயமல்ல, தங்களுக்கும் நியாயமல்ல.

வைத்தியர் விடயத்தில்தான் கூடிய கவனம் தேவை. 2006இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த கில்லீஸ் வழக்கு தங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பெண்ணொருவரின் அங்கவீனக் கொடுப்பனவு மேன்முறையீட்டை மூவர் கொண்ட நியாயசபை விசாரித்தது. அதிலிருந்த வைத்தியர், கொடுப்பனவு வழங்கும் அரச முகவரகத்துக்காக வேறு விண்ணப்பதாரர்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுபவராகவும் இருந்தார். அதனால் அவர் அரச தரப்புக்கே சாய்வார் என்று வாதிடப்பட்டது. பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. வைத்தியர் தம் தொழில்சார் அறிவைச் சுயாதீனமாகப் பயன்படுத்துபவர், அத்தகைய அறிக்கைகளை எழுதிய அனுபவம் மாத்திரம் பக்கச்சார்பாகாது என்பதே முடிவு. இந்தத் தீர்ப்பு நமது குழுக்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மதித்துக் கேட்கப்படும்.

ஆகவே "இவர் அரசாங்க வைத்தியர், அரசாங்கத்துக்காக அறிக்கை எழுதுபவர்" என்று மட்டும் எழுதினால் தங்கள் ஆட்சேபனை நிற்காது. தங்கள் வழக்கின் வேறுபாடு, அவர் பரிசோதித்தது வேறு யாரையுமல்ல, தங்களையே என்பதாகும். மேன்முறையீட்டில் பிரச்சினைக்குரிய ஒரே அறிக்கையும் அவருடையது. கடிதத்தில் இதைத் திகதியுடன், அறிக்கையின் வாசகத்துடன் குறிப்பிடுங்கள். அவர் சாட்சியாக வந்து தம் அறிக்கையை விளக்கலாம்; தாங்கள் அவரிடம் கேள்வி கேட்கலாம். தீர்மானிக்கும் மேசையில்தான் அவர் இருக்கக் கூடாது. "பக்கத்தில் வேறு வைத்தியர் இல்லை" என்ற பதில் வரலாம். வேறு எவருமே சட்டப்படி தீர்மானிக்க இயலாத இடத்தில் மாத்திரமே இன்றியமையாமை என்ற விதிவிலக்கு ஏற்கப்படும். டிக்கோயாவிலும் நாவலப்பிட்டியிலும் நுவரெலியாவிலும் அரச வைத்தியசாலைகள் இருக்கையில், ஒருவரை அனுப்பிவைப்பதிலுள்ள சிரமம் இன்றியமையாமையாகாது.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரைப் பொறுத்தவரை, தாங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியே எனக்கு முக்கியமாகப்படுகிறது. இந்தக் கொடுப்பனவு அரசாங்கத்தின் பணம். அது கிடைத்தாலும் நின்றாலும் தோட்டத்துக்கு இலாப நட்டமில்லை. அதனால் வெறுமனே தோட்டத்து ஆள் என்பது போதுமான காரணமல்ல. ஆனால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழான தங்கள் கோரிக்கை முடிவடையாமல் இருக்கிறது. "இவரால் இலகுவான வேலை செய்ய முடியும்" என்று அரச குழுவொன்று எழுதிவைத்தால், அந்தத் தாளை நட்டஈட்டு விசாரணையில் தோட்டத் தரப்புச் சட்டத்தரணி முதல் ஆவணமாக நீட்டக்கூடும். அப்போது நலன்புரி உத்தியோகத்தரின் தொழில்தருநரான தோட்டத்துக்கு இந்த முடிவில் பணரீதியான அக்கறை உண்டு என்றாகிறது. பணம் சம்பந்தப்பட்ட அக்கறையைச் சட்டம் எப்போதுமே கடுமையாகப் பார்த்துவந்துள்ளது. 1852இல் இங்கிலாந்தின் சான்சலர் பிரபு, தாம் பங்கு வைத்திருந்த கால்வாய்க் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, அவர்மீது எவரும் சந்தேகம் கொள்ளாத நிலையிலும் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. நட்டஈட்டுக் கோவையின் இலக்கத்தைத் தங்கள் கடிதத்தில் தவறாமல் எழுதுங்கள்.

இந்த மூவரையும் யார், எந்த அதிகாரத்தின் கீழ் நியமித்தார் என்பதையும் அறிய வேண்டும். பிரித்தானியாவில் இத்தகைய மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிபதி, வைத்தியர், அங்கவீனம் பற்றிய அனுபவமுள்ளவர் ஆகியோரைக் கொடுப்பனவை மறுத்த திணைக்களம் நியமிப்பதில்லை; தெரிவு அதற்கு வெளியிலுள்ள ஆணைக்குழுவொன்றின் கையில் இருக்கிறது. நமது பிரதேச மட்டத்தில் நிறுத்தியவரும் நியமிப்பவரும் ஒரே கட்டடத்தில் இருப்பது வழமையாகிவிட்டது. இது திருந்த வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நியமனக் கடிதங்கள், வைத்திய அறிக்கை, நிறுத்தும் பரிந்துரை ஆகியவற்றின் பிரதிகளை உடனே கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பதால் நாளைக்கே கொடுத்துவிடுவது நல்லது. வலது கையால் எழுத முடியாத தாங்கள் வாய்மொழியாகக் கேட்டாலே போதும். அதை எழுத்தில் பதிவது அந்த உத்தியோகத்தரின் கடமையென அச்சட்டமே சொல்கிறது.

ஆட்சேபனைக் கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கும் குழுவின் தலைவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தங்களுக்கு உரிமை தருகிறது. அழைப்புக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியையும், விசாரணைக்கு உரைபெயர்ப்பாளரையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். ஆட்சேபனையை விசாரணைக்கு முன் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எல்லாம் தெரிந்திருந்தும் பேசாமலிருந்து, முடிவு பாதகமாக வந்த பிறகு குறை கூறுபவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நீதிமன்றம் கொள்ளும்.

பைல் பிந்தும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட கொடுப்பனவு, லயத்து வீட்டில் ஒரு மாதத்து அரிசியும் மருந்தும் ஆகும். ஆனால் பிழையான குழுவின் முடிவை நீக்குவதற்கு நீதிமன்றம் போய் வரும் காலத்தோடு ஒப்பிட்டால், உறுப்பினர்களை மாற்றுவதற்குச் செல்லும் சில கிழமைகள் சிறியவை. கொடுப்பனவு மீண்டும் கிடைக்குமாயின் நிறுத்திய நாளிலிருந்தே நிலுவையைத் தரும்படியும் இப்போதே எழுதிவையுங்கள்.

ஆட்சேபனையை அவர்கள் தள்ளிவிட்டால் விசாரணைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். போங்கள், ஆட்சேபனையைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள், அதற்கு உட்பட்டே பங்குபற்றுவதாகக் கூறிவிட்டு வாதத்தை முன்வையுங்கள். பாதகமான முடிவு வந்தால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. அதற்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முடிவையே நீக்கும் உறுதிகேள் எழுத்தாணையை, மத்திய அரசின் கொடுப்பனவாயின் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், மாகாண சபைக்குரிய உதவிப் பணமாயின் மாகாண மேல் நீதிமன்றத்திலும் கோர வேண்டும். எனவே பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தகவல் கோரிக்கையில் சேர்த்துக் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால், வருமானச் சான்றுடன் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

கடிதத்தில் இன்னும் ஒரு வேண்டுகோளைச் சேருங்கள்: புதிதாக நியமிக்கப்படும் வைத்தியர் பழைய அறிக்கையை வாசிப்பதோடு நிற்காமல், தங்கள் கையைத் தாமே பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லட்டும். பீலியில் பிடித்த தண்ணீர் வாளியை லயத்து வாசல்வரை அந்தக் கையால் தூக்கிவர முடியுமா என்று கேட்கட்டும். எந்த "இலகுவான வேலை" என்பதைப் பெயர் சொல்லி எழுதட்டும்.