மூட்டை ஏறும் நேரத்தில் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் சரக்கு வேன்களுக்கு ஓய்வில்லை. களத்துமேட்டிலிருந்து கொள்முதல் நிலையம், அங்கிருந்து வைக்கோல் ஏற்ற மறுபடியும் வயல் என்று இரவு பகலாக ஓடும். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை நிற்கும் வண்டியைப் பற்றியவை. நல்லது. ஓட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் ஓட்டுநர்கள் நிறுத்துவதில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

வாய்க்கால் கரையில் வேனை நிறுத்தி நெல் ஏற்றினோம். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. பத்து மூட்டை ஏறியதும் வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கில் கோளாறா?
— விவசாயி, பாபநாசம்

கோளாறு இருக்கலாம். ஆனால் நல்ல பிரேக் உள்ள வண்டியிலும் இது நடக்கும். 60 கிலோ மூட்டை பத்து ஏறினால் 600 கிலோ. ஹேண்ட் பிரேக்கை நீங்கள் இழுத்தது வெறும் வண்டிக்கு. இழுத்த அளவு அப்படியேதான் இருக்கிறது. சரிவு வண்டியைக் கீழே இழுக்கும் விசையோ ஒவ்வொரு மூட்டைக்கும் கூடிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு மூட்டையும் தொப்பென்று விழும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்குகிறது. எங்கோ ஒரு மூட்டையில் பிரேக்கின் பிடி தோற்றுப்போகிறது.

இறக்கும்போது தொல்லை வேறு விதம். பெரும்பாலான சிறு சரக்கு வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரங்களை, கியர் பிடிப்பதும் அதே பின் சக்கரங்களை. முன் சக்கரங்கள் இரண்டும் சும்மா இருக்கின்றன. மூட்டைகள் இறங்க இறங்க வண்டியின் பின்பக்கம் இலேசாகிவிடும். ஈரமண்ணில், பூட்டிய சக்கரம் உருளாமலே வழுக்கிக்கொண்டு போகும். ‘பிரேக் போட்டுத்தானே இருந்தது’ என்று பிறகு எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

ஆகவே முட்டுக்கட்டை. ஏற்றும் இடம் எதுவானாலும், சமதளமே ஆனாலும், கட்டை கொடுக்காமல் முதல் மூட்டையைத் தொடக் கூடாது. கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக இழுங்கள். காலை மெதுவாக எடுத்து, வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எஞ்சினை அணைத்து கியரில் போடுங்கள். மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டி என்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பிறகு இறங்கி, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தில், இரண்டு பின் சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள். டயரோடு ஒட்டி நிற்க வேண்டும்; ஒரு கையளவு இடைவெளி விட்டால் வண்டி அந்த இடைவெளியில் வேகம் எடுத்துக் கட்டையை ஏறித் தாண்டிவிடும். மண் ஈரமாக இருந்தால் முன் சக்கரங்களுக்கும் ஒரு ஜோடி. சமதளத்தில் ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வையுங்கள்.

கட்டை என்றால் கட்டைதான். கரையில் கிடக்கும் அரைச் செங்கல் பாரம் ஏறியதும் பொடியாகும். உருண்டைக் கல் தானும் சேர்ந்து உருளும். ஆசாரியிடம் சொல்லி, டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்கும்படி ஆப்பு வடிவில் நான்கு கட்டைகள் அறுத்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டுக் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டால் மறந்துபோய்க் கட்டையை விட்டுவிட்டுக் கிளம்பவும் மாட்டீர்கள்.

கரையைப் பற்றித் தனியாக ஒரு சொல். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கரை உள்ளுக்குள் ஊறியிருக்கும். மேலே காய்ந்து வெடித்த மண், கீழே களி. வெறும் வண்டியைத் தாங்கும் ஓரம் நிறைந்த வண்டியைத் தாங்காது. தண்ணீர்ப் பக்கச் சக்கரம் ஓரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஸ்டியரிங்கை வயல் பக்கமாகத் திருப்பி வையுங்கள். மூட்டையையும் ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். இடமில்லை என்று சொல்வீர்கள். இடமில்லாவிட்டால் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு ஐம்பது அடி தூரம் தலையில் சுமப்பதுதான் வழி. கூலி கொஞ்சம் கூடும்.

750 கிலோ தாங்கும் வண்டியில் எத்தனை நெல் மூட்டை ஏற்றலாம்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.
— திருத்துறைப்பூண்டி

கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுத் தைத்த 40 கிலோ சிப்பம் என்றால் 18, அதாவது 720 கிலோ. களத்தில் கட்டிய 60 கிலோ மூட்டை என்றால் 12. இந்தக் கணக்கில் மூட்டையின் மேல் உட்கார்ந்து வரும் இரண்டு ஆட்களுக்கு இடமில்லை. அவர்களை ஏற்றவும் கூடாது. ‘முப்பது மூட்டை அனாயாசமாக இழுக்கும்’ என்பவர்கள் சொல்வது எஞ்சினைப் பற்றி; பிரேக்கைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் உங்களுடையது. ஒரு போகத்தில் வாடகையாகச் சேர்ந்தது ஒரே நாளில் போய்விடும்.

பவர் டில்லரைப் பலகை வைத்து வேனில் ஏற்றும்போது பலகை நழுவி விழுந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பலகை நல்ல தேக்குப் பலகை.
— மன்னார்குடி

தேக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டில்லர் பலகையில் ஏறும்போது அதன் சக்கரங்கள் பலகையைப் பின்னால் உதைக்கின்றன. டில்லரின் பாரமோ பலகையின் மேல்முனை வழியாக வண்டியை முன்னால் தள்ளப் பார்க்கிறது. கூடவே, பாரம் பின் விளிம்புக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கம் சில விரற்கடை கீழே அமுங்குகிறது. பலகையின் சாய்வு மாறுகிறது. பலகை, வண்டியின் விளிம்பில் வெறுமனே சாய்த்து வைக்கப்பட்டிருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றே அதை நழுவவைக்கப் போதும்.

பலகையின் மேல்முனையில் பட்டறையில் சொல்லி இரும்புக் கொக்கி அடித்து, அது வண்டியின் படுகையில், அதாவது சரக்கு ஏற்றும் தளத்தில், மாட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். கீழ்முனை மண்ணில் புதைந்து நிற்கட்டும். பலகை நீளமாக இருக்க வேண்டும். குட்டைப் பலகையின் செங்குத்துதான் பாதி விபத்துக்குக் காரணம். முட்டுக்கட்டையை இந்த வேலைக்கு முன்பக்கமாகவும் கொடுங்கள், ஏனென்றால் வண்டி இப்போது போகப் பார்ப்பது முன்னால். பின்பக்கம் மிகவும் அமுங்கும் வண்டியானால், வண்டியின் பின் விளிம்புக்கு அடியில் இரண்டு கனமான மரத்துண்டுகளை நிறுத்தி முட்டுக் கொடுக்கலாம். கிளம்பும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும், சொல்லவே வேண்டாம். டில்லருக்குப் பின்னால், பலகையின் நேர்க்கோட்டில், ‘தள்ளிவிட’ யாரும் நிற்கக் கூடாது. கை கொடுக்க நினைப்பவர் பக்கவாட்டில் நின்று கயிறு பிடிக்கட்டும்.

கடைத்தெருவில் பாத்திரங்களை இறக்க இரண்டு நிமிடம்தான் நிற்கிறோம். அதற்கும் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்க வேண்டுமா? இன்னொன்று: இறக்கும்போதே ஒரு பெட்டி காணாமல் போனது.
— மொத்த வியாபாரி, கும்பகோணம்

எடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126 இதையே சொல்கிறது: பொது இடத்தில் வண்டி நின்றால் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும்; இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, ஓட்டுநர் இல்லாத நேரத்தில் வண்டி தற்செயலாகக் கிளம்பிவிடாதபடி செய்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. பின்னால் வரும் கார் ஒலி எழுப்பியதும், உரிமமே இல்லாத கிளீனர் பையன் தாவி ஏறி ‘கொஞ்சம் முன்னால் எடுக்கிறேன்’ என்று கிளப்புவதும், படுகையில் நிற்பவர் தலைகுப்புற விழுவதும் நம் கடைத்தெருக்களில் அன்றாடம் நடக்கக் கூடியவை. சாவி சட்டைப்பையில் இருந்தால் இந்த நாடகமே இல்லை.

பெட்டி காணாமல் போனதற்கு வருகிறேன். இறக்கும்போது எல்லோருடைய கண்ணும் சுமக்கும் சரக்கின் மேல்தான் இருக்கும், வண்டியில் மீதம் இருப்பதன் மேல் இருக்காது. மூடிய வேன் என்றால் ஒரே ஒரு கதவைத் திறந்து வையுங்கள், அதுவும் கடையைப் பார்த்த கதவை. பக்கக் கதவும் பின் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காவலுக்கு இரண்டு பேர் வேண்டும். கடைக்குள் பெட்டியைக் கொண்டுபோகும்போதெல்லாம் கதவைத் தாழிட வேண்டும். அது அலுப்பாக இருந்தால் ஓட்டுநர் வண்டியை விட்டு நகராமல் பெட்டிகளை எண்ணிக் கொடுக்கட்டும், சுமப்பது வேறு ஆள். சரக்குக் கதவின் பூட்டுச் சாவியை வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். பித்தளைக்கு இன்று இருக்கும் விலையில் இதெல்லாம் அதிகப்படி அல்ல.

வைக்கோல் ஏற்றிய வேன் தாழ்ந்த மின்கம்பியில் உரசினால் என்ன செய்வது?
— ஒரத்தநாடு

உரசாமல் இருக்க என்ன செய்வது என்று முதலில் கேட்டிருக்கலாம். நம் வயல்களுக்கு மேலே பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தொய்ந்து தொங்குகின்றன. வயலில் வண்டி நிற்கும்போது மேலே அண்ணாந்து பார்ப்பவர் யாரும் இல்லை. எல்லோரும் கீழே சேற்றைத்தான் பார்க்கிறார்கள். கம்பிக்கு நேர் கீழே, அல்லது அதை ஒட்டி, ஏற்றும் வேலையே வேண்டாம். வைக்கோலின் மேல் நிற்கும் ஆள் இரும்புக் கவையைத் தூக்கினால் அவர் உயரம் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் உடலைத் தாண்டி அனுமதித்ததற்கு மேல் அகலமோ உயரமோ போனால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல. தொய்ந்த கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்து வண்டியை அடியில் விடும் வித்தையை அடியோடு விட்டுவிடுங்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், விடாமல் கேளுங்கள்.

உரசியேவிட்டால்: ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் வண்டியை மெல்ல நகர்த்திக் கம்பியிலிருந்து விலக்கலாம். கம்பி வண்டியின் மேல் கிடந்தால் கீழே இருப்பவர்கள் வண்டியைத் தொடவும் கூடாது, கிட்டே வரவும் கூடாது. மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தியதாகச் சொல்லும்வரை அப்படியே இருங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் கதவுப்படியில் கால் வைத்து இறங்காதீர்கள். இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே தாவலாக, வண்டியில் கைபடாமல் குதியுங்கள். பிறகு பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்தபடியே விலகிப் போங்கள். எட்டி நடந்தால் தரையில் பரவிய மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக உடலில் பாயும்.

ஓடும்போது வைக்கோல் பற்றிக்கொண்டால் குளத்தைத் தேடி ஓட்டுகிறார்கள். ஓட்டம் கொடுக்கும் காற்று தீயை வளர்க்கிறது. வீடும் வைக்கோற்போரும் இல்லாத இடத்தில் உடனே நிறுத்தி, இறங்கி விலகி, 101க்கு அழையுங்கள். வண்டி போனால் போகட்டும்.

உப்பு ஏற்றும் வண்டி. ஹேண்ட் பிரேக் சில நாள் பிடிக்கவில்லை, சில நாள் விடவில்லை.
— வேதாரண்யம்

உப்புத் தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கித் துரு பிடித்திருக்கும். துருப்பிடித்த கேபிள் இழுபடாமலும் நிற்கும், இழுத்தால் திரும்பாமலும் நிற்கும். எண்ணெய் விட்டுக் காலம் தள்ளாமல் கேபிளையே மாற்றுங்கள், பெரிய செலவில்லை. தினமும் நடை முடிந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுபவர்களுக்கும் இதே பதில். அவர்களுக்கு இன்னொன்று: பனிக்கட்டி உருகி ஒழுகும் படுகையில் வெறுங்காலோடு பெட்டி தூக்காதீர்கள்.

தேங்காய் மூட்டை இறக்கப் பின் கதவைத் திறந்ததும் இரண்டு மூட்டை மேலே விழுந்து தோள் இறங்கிவிட்டது. அடுக்கும்போது நேராகத்தான் அடுக்கினோம்.
— பேராவூரணி

அடுக்கும்போது நேராக இருந்தது, வழியில் சாய்ந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மேட்டிலும் தேங்காய் மூட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து கதவில் முழுப் பாரத்தையும் வைத்திருக்கும். கனமான மூட்டையைக் கேபின் பக்கச் சுவரை ஒட்டி, கீழ்வரிசையில் தொடங்குங்கள். கடைசி வரிசை மற்றவற்றைவிட ஒரு மூட்டை உயரம் குறைவாக இருக்கட்டும், கதவுக்கு முன் ஒரு கயிறு குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கட்டும். திறக்கும்போது கதவுக்கு நேரே நிற்காமல் கீல் பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு கதவை மட்டும் ஒரு சாண் அளவுக்குத் திறந்து பாருங்கள். பலகைக் கதவு என்றால் சங்கிலியைக் கழற்றுவதற்கு முன் பலகையைக் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே பாரம் சாய்ந்திருந்தால் தாழ்ப்பாள் இறுகியிருக்கும், எளிதில் நகராது. அப்படி இறுகிய தாழ்ப்பாளைச் சுத்தியலால் அடித்துத் திறப்பதுதான் தோள் இறங்கும் வழி. அதற்குப் பதிலாக மேலே ஏறி, மேல்வரிசை மூட்டைகளை முன்னால் தள்ளிவிட்டு வந்து திறக்கலாம்.

நான் பெண் ஓட்டுநர். காய்கறி வேன், கிளீனர் கிடையாது. ரிவர்ஸ் எடுக்கும்போது தெருவில் நிற்கும் யாராவது ‘வா, வா’ என்று கை காட்டுகிறார்கள். நம்பலாமா?
— திருவாரூர்

நம்பாதீர்கள் தங்கச்சி. கை காட்டுபவர் உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்றால் மட்டும் பாருங்கள். அவர் மறைந்த நொடியே பிரேக். தனியாக இருந்தால் முதலில் இறங்கி, வண்டியின் பின்னால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து உடனே எடுங்கள். பார்த்துவிட்டு வந்து போனில் பேசி முடிப்பதற்குள் ஒரு குழந்தையோ ஆடோ அங்கே வந்துவிடும். சந்தைக்குள் நுழையும்போதே இடம் பார்த்து, திரும்பிப் போகும் திசையை நோக்கி வண்டியை நிறுத்திவிட்டால், கூட்டம் சேர்ந்த பிறகு ரிவர்ஸ் எடுக்கும் வேலையே மிஞ்சாது.