விழுந்தால் காலைப் பார்க்கிறோம், காதைப் பார்ப்பதில்லை

பினாங்கில் காது சோதிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மூத்தவர்கள் தடுமாறுவதையும் விழுவதையும் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஜெலுத்தோங்): அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். முட்டிக்கு மருந்து வாங்கினோம், கண்ணாடி மாற்றினோம். இப்போது டாக்டர் காதையும் சோதிக்கச் சொல்கிறார். காதுக்கும் விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: டாக்டர் சொன்னபடி செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதி கேட்பதற்கு. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது இவைதான். இரண்டு பகுதியிலும் நுண்ணிய மயிர்ச்செல்கள் உண்டு. இரண்டும் எட்டாவது நரம்பு வழியாகவே மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அதனால் வயதாகும்போது கேட்கும் திறனும் சமநிலையும் சேர்ந்தே குறைவதுண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் காக்கி லீமாவில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் கூரையிட்ட நடைபாதையில், நடக்கும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள், தன் செருப்பு தரையில் படும் ஓசை எல்லாம் சேர்ந்துதான் நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குச் சொல்கின்றன. அந்தச் சத்தங்கள் மங்கிவிட்டால், நடக்கிறவர் பாதித் தகவலோடு நடக்கிறார்.

அமெரிக்காவில் 40 முதல் 69 வயதுவரை உள்ள 2,017 பேரை ஆராய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 25 டெசிபல் அளவுக்குக் கேட்புக் குறைவு உள்ளவர்கள், முந்தைய ஓராண்டில் விழுந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. 25 டெசிபல் என்பது லேசான குறைவுதான். 'அம்மாவுக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது' என்று வீட்டில் எல்லாரும் நினைக்கும் நிலை அது. காதுக் குறைவுதான் விழ வைத்தது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் காதைப் பார்க்காமல் விடவும் முடியாது.

என் அப்பா குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் ஈரத் தரையைத்தான் குறை சொன்னேன். அவர் காதைச் சோதித்தது அடுத்த வருடம்தான். அந்த ஒரு வருடத் தாமதம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி (பிறை): அப்பா நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். இது சாதாரணமா?

பதில்: நல்ல வேளை, கவனித்திருக்கிறீர்கள். 1997-இல் ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைப் பார்த்தபோது, பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்களே பிறகு அதிகம் விழுந்தார்கள். நடப்பதற்கும் மூளை வேலை செய்ய வேண்டும். காது சரியாகக் கேட்காதவருக்கு, சொன்ன வார்த்தையைப் பிடிப்பதற்கே பாதிக் கவனம் போய்விடும். மிச்சம்தான் காலுக்கு. பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். அவர் நின்ற பிறகு, முகம் பார்த்துப் பேசுங்கள். கேட்புச் சோதனையோடு நடையையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுகிறார், வீட்டில் அலமாரியில் கிடக்கிறது.

பதில்: வீட்டிலும்தான் போட வேண்டும். மூளை அந்தச் சத்தத்துக்குப் பழக வாரக் கணக்கில் ஆகும். முதலில் அமைதியான அறையில் தினமும் ஓரிரு மணி நேரம் போட்டு, மெல்லக் கூட்டுங்கள். வலித்தாலோ கீச்சென்று சத்தம் வந்தாலோ, வாங்கிய இடத்திலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். கருவி போட்டால் விழவே மாட்டார் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனாலும் கேட்பதற்காகப் படும் பாடு குறையும், அந்தக் கவனம் நடைக்குக் கிடைக்கும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மாத்திரை போதுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உள்காதுப் பைகளில் இருக்கவேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருக்கலாம். மாத்திரையால் அவை திரும்பப் போகாது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் 'எப்ளி' முறை இருக்கிறது, பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். பழகியவர் கையால் செய்துகொள்ளுங்கள். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: காதில் சூடான எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியே தீருவேன் என்று பாட்டி நிற்கிறார். தடுக்கலாமா?

பதில்: தடுமாற்றம் இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் கூட்டிப்போங்கள், இத்தனை வருட நேர்த்திக்கடன் அவருக்கு. 500-க்கும் மேற்பட்ட படிகள் என்பதால் கூட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த கண்ணாடி, கீழே பார்க்கும்போது படியின் விளிம்பை மங்கலாக்கும். தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். உறுமி அடிக்கும் இடத்தில் காதுக் கருவியின் சத்தத்தைக் குறைக்கலாம். இறங்கும்போது அவர் கை கம்பியைப் பிடித்திருக்கட்டும், நீங்கள் ஒரு படி கீழே நின்று இறங்குங்கள். படியில் கால் இருக்கும்வரை அவரிடம் எதுவும் பேசாதீர்கள்.