பயிற்சி வைத்தியரின் கையில் அழகுச் சத்திரசிகிச்சை: கேள்வி பதில்

கிழக்கு மாகாணத்து அரச வைத்தியசாலைகளில் 28 வருடங்கள் சத்திரசிகிச்சைக் கூடத் தாதியாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள் நான். வைத்தியர் அல்லள், ஆனால் கத்தியை முதன்முறை பிடித்த கைகளையும் பழகித் தேர்ந்த கைகளையும் ஒரே மேசைக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறேன். பயிற்சியில் இருக்கும் வைத்தியர்களிடம் அழகுக்கான சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், கனத்த தோடு போட்டுப் போட்டு இரண்டு காதுச் சோணைகளும் கிழிந்துவிட்டன. மகனின் கலியாணத்துக்கு முன் தைக்க வேண்டும். இளம் டொக்டர் ஒருவர்தான் தைப்பார் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

தாராளமாகச் சம்மதிக்கலாம், அக்கா. அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. பயிற்சி வைத்தியர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலைகளில் ஒன்று. கிழிந்த பிளவின் இரு ஓரங்களிலும் தோல் வளர்ந்து ஆறியிருக்கும். அந்தத் தோலைச் சீவி எடுத்துவிட்டுத் தைத்தால்தான் இரண்டு பக்கமும் ஒட்டும். அனுபவமில்லாத கை தவறக்கூடிய இடம் அதுதான் என்பதால், பெரிய வைத்தியர் ஒருவர் அருகில் இருப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம் டொக்டரைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. முன்பு காது குத்தியபோதோ காயம் ஆறியபோதோ தழும்பு தடித்துக் கட்டிபோல வளர்ந்ததா? கீலொயிட் எனப்படும் அந்தத் தழும்பு நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு அதிகம் வரும். காதுச் சோணை அதற்குப் பிடித்த இடம். அப்படி வளர்ந்திருந்தால், தைப்பதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கமிருந்தால் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். தையல் வெட்டி இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னரே, அதுவும் பழைய தழும்பின் மேல் அல்லாமல் அதற்குப் பக்கத்தில், புதிதாகக் காது குத்தலாம். கலியாணம் அதற்குள் வந்துவிட்டால் அன்றைக்குத் தோடில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தகப்பன்: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் மூக்கைத் திருத்தப் போகிறாளாம். பல்கலைக்கழக வைத்தியசாலையொன்றில் பயிற்சி வைத்தியர்கள் நடத்தும் கிளினிக்கில் செலவு குறைவாம். உண்மையில் அது பாதுகாப்பானதா?

அத்தகைய கிளினிக்குகள் அங்கே பல பல்கலைக்கழகங்களில் நடக்கின்றன. அங்கே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பயிற்சி என்பது மருத்துவப் பட்டம் பெற்ற பின் குறைந்தது 6 வருடங்கள். இந்தக் கிளினிக்குகளில் கத்தி பிடிப்பவர்கள் பெரும்பாலும் அதன் கடைசி வருடங்களில் இருப்பவர்கள். ஆகவே 'பயிற்சி' என்ற சொல்லைக் கேட்டு, நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். இவ்வாறான கிளினிக்குகள் குறித்து வெளிவந்த மதிப்பாய்வுகளில், சிக்கல்கள் அனுபவசாலிகளிடம் காணப்படும் அளவுக்குக் கிட்டவே இருந்திருக்கின்றன. ஆனால் நோயில்லாத, ஆபத்துக் குறைந்த ஆட்களையே அவை பெரும்பாலும் தெரிவு செய்கின்றன என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கை வாசிக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, பொதுவாகக் குறைவது சத்திரசிகிச்சை நிபுணருக்கான கட்டணம் மாத்திரமே. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் மயக்க மருந்துக்கும் உரிய பணத்தை மகள் கட்டத்தான் வேண்டும்; பிறகு திருத்தம் தேவைப்பட்டால் அதை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி மூக்கு. மறுபடியும் திருத்தக் கேட்டு வருபவர்கள் அதிகமுள்ள அழகுச் சத்திரசிகிச்சைகளுள் அது ஒன்று. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் முகமே வேறாகிவிடும். வீக்கம் முழுவதும் வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். திருத்துவதானாலும் அதுவரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் பயிற்சி வைத்தியர் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போய்விடுவார். வயிற்றுத் தோல் இறுக்குவதையோ மச்சம் எடுப்பதையோ பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன்.

மகள் இவற்றைக் கேட்கட்டும்: மேற்பார்வை நிபுணர் கையுறை அணிந்து மேசையில் நிற்பாரா, அல்லது அடுத்த அறையில் இருந்துகொண்டு கையொப்பம் மட்டும் இடுவாரா? இந்தப் பயிற்சி வைத்தியர் இதுவரை எத்தனை மூக்குகளில் முதல் கையாக நின்றிருக்கிறார்? ஒரு வருடத்துக்குப் பின் என் கோப்பு யாரிடம் இருக்கும்? பதில் தெளிவாக வந்தால் நான் தடுக்க மாட்டேன். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

கல்முனையிலிருந்து ஒரு சகோதரர்: நமது அரச வைத்தியசாலைகளில் நம்மிடம் சொல்லாமலே பயிற்சி வைத்தியர்கள் செய்துவிடுகிறார்களா?

அரச வைத்தியசாலையில், அதிலும் போதனா வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை என்பது ஒரு குழுவின் வேலை. அந்தக் குழுவில் பயிற்சியில் உள்ளவர்கள் எப்போதும் இருப்பார்கள். நம் நாட்டில் 5 வருடப் பட்டம், 1 வருட உள்ளகப் பயிற்சி, அதன்பின் தெரிவுப் பரீட்சை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. என்ற மேற்படிப்பு, வெளிநாட்டுப் பயிற்சி என்று ஏறிய பின்னரே ஒருவர் விசேட நிபுணராவார். சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும்போது, யார் செய்வார், யார் பக்கத்தில் நிற்பார் என்று கேட்பது உங்கள் உரிமை. நம்மவர்கள் படிவத்தை வாசிக்காமலே பேனையைக் கேட்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

பழகுவது புதிய விடயமுமன்று. ஆளின் உடலில் கை வைக்குமுன் பூசணி, சுரைக்காய் போன்றவற்றில் வெட்டிப் பழக வேண்டும் என்று பழங்கால இந்தியச் சத்திரசிகிச்சை நூலான சுசுருத சங்கிதையே கூறுகிறது.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உம்மா: 15 வயது மகனுக்கு மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்யலாமா?

இப்போது யாருடைய கையிலும் வேண்டாம். பருவ வயதில் ஹோர்மோன் மாற்றத்தால் வரும் இது பெரும்பாலும் ஒன்று இரண்டு வருடங்களில் தானாக வற்றிவிடும். குடிக்கும் மருந்துகளையும் ஜிம்மில் வாங்கும் மாவுகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டி கடினமாக ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு தங்கச்சி: பியூட்டி பார்லர் அக்கா உதட்டைத் தடிப்பாக்கும் ஃபில்லர் ஊசி போடக் கற்றுவருகிறார். பழகுவதற்காகப் பாதி விலைக்குப் போடுகிறாராம். அவரும் பயிற்சியில் இருப்பவர்தானே?

இல்லை, தங்கச்சி. ஃபில்லர் தவறிப்போய் இரத்தக் குழாய்க்குள் சென்றால் தோல் அழுகும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகும். அந்த நிமிடத்தில் ஹயலுரோனிடேஸ் என்ற கரைக்கும் மருந்தை எடுத்துப் போடத் தெரிந்தவர் அறைக்குள் இருக்க வேண்டும். பயிற்சி வைத்தியருக்குப் பின்னால் ஒரு நிபுணர் நிற்கிறார். பார்லர் அக்காவுக்குப் பின்னால் கண்ணாடிதான் இருக்கிறது. வைத்தியர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயரையும் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு சகோதரி: கொழும்பில் கொழுப்பு உறிஞ்சும் சத்திரசிகிச்சை செய்துவிட்டு அன்றிரவே பஸ்ஸில் திரும்பலாம் என்கிறார்கள். சரியா?

யார் செய்தாலும் இது சரியில்லை. 300 கிலோமீற்றருக்கு மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தால் காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. 5 லீற்றருக்கு மேல் எடுப்பதானால் இரவு வைத்தியசாலையிலேயே தங்க வேண்டும். சிறிதளவு என்றாலும் சில நாட்கள் கொழும்பிலேயே தங்கி, முதல் பரிசோதனையை முடித்துக்கொண்டு வாருங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கொழும்புக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிராமல் கிட்டவுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அப்போது காட்டுவதற்குச் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: நீங்கள் என்றால் பயிற்சி வைத்தியர் கையில் படுப்பீர்களா?

படுத்திருக்கிறேன், தம்பி. கழுத்துக்குக் கீழிருந்த கட்டியை எடுத்தவர் அப்போது பயிற்சியில் இருந்த ஒரு பெண் வைத்தியர். நிபுணர் வரும்வரை தொடங்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் வந்து நின்ற பிறகே கண்ணை மூடினேன். தையல் ஒரு நூலளவு கோணல். சட்டைக் கழுத்துக்குள் மறைந்துவிடுகிறது.