கடைசிக் கதையில் திரை கறுப்பாய் நிற்பது

புரொஜெக்டரில போட்டுப் பார்த்தால் கடைசிக் கதையில திரை கறுப்பாய் நிற்குது, ஃபைல் பழுதோ என்று கேட்டிருக்கிறீங்க. ஃபைல் பழுதில்லை. 'பியர்ஸ் ஒஃப் த டார்க்' (2007, பிரெஞ்சு) பல ஓவியர்கள் செய்த பயக் கதைகளைச் சேர்த்த அனிமேஷன் படம்; அதின்ர கடைசிக் கதையே அப்படித்தான். பனிக்குள்ளால் வந்து ஆளில்லாத வீட்டுக்குள் நுழையிற மனிசனை, அந்தக் கதையைச் செய்த ரிச்சர்ட் மக்குவையர் கோடு போட்டுக் காட்டேல்லை. வெளிச்சம் பட்ட இடம் வெள்ளை, மிச்சமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ள எங்கட கண் தேடுது பாருங்க, பயமே அதுதான்.

மட்டக்களப்புக் கல்லடியில பின்னேரம் 4 மணிக்கு யன்னலைத் திறந்துவச்சுப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீங்க. அநேகமாக அதுதான் காரணம். வெளிவெளிச்சம் விழுந்தால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப்போகும்.

ஒரு சோதனை: இருட்டினபிறகு, இடையிடையே வாற நாய்களின்ர காட்சியைப் போடுங்க. அது பென்சில் சாயல், சாம்பல் நிறம் நிறைய. அது தெளிவென்றால் எல்லாம் சரி. அதுவும் கரிக்கட்டியாய் அப்பிக்கிடந்தால் லப்டொப்பிலும் புரொஜெக்டரிலும் எச்டிஎம்ஐ ரேஞ்சை, அதாவது கேபிளால போற படத்தில எது முழுக் கறுப்பு, எது முழு வெள்ளை என்ற செட்டிங்கை, ஒரேமாதிரி வையுங்க (இரண்டிலும் ஃபுல், அல்லது இரண்டிலும் லிமிட்டட்).

பிரைட்னஸைக் கூட்டாதீங்க, கறுப்பு சாம்பலாகி அந்தக் கதையே செத்துப்போகும்.

படம் பார்க்கச் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டாம். நாய்கள் ஒரு பையனைக் குதறுது. ஆனால் இதில இன்னொரு கதை செய்த ஓவியர் மத்தோத்தியின்ர சதுப்புநில மிருகக் கதையை வாவிக்கரை ஆக்கள் கட்டாயம் பார்க்கவேணும்.